பெயர்தலும் பெயர்த்தலும்

மக்கள் ஓரிடத்தை விட்டு மற்றோரிடஞ் செல்லுதலைக் குறிப்பதற்குத் தமிழிலே வினைச்சொற்கள் பல உள. ஏறுதல், நீங்குதல், பெயர்தல், மாறுதல், எழும்புதல், கலைதல், திரும்புதல் என்பன அவற்றுட் சில. இவை யாவும் தன்வினைகள். இவற்றுள் ஒவ்வொன்றுக்கும் பக்கத்திலே, ஓரெழுத்தளவே வேறுபட்டதாய், ஒரு பிறவினை நிற்கிறது: ஏற்றுதல், நீக்குதல், பெயர்த்தல், மாற்றுதல், எழுப்புதல், கலைத்தல், திருப்புதல். முன்னையவற்றிலே செல்பவனே செய்பவன். பின்னையவற்றிலே செல்பவன் ஒருவன், செய்பவன் மற்றொருவன். மெல்லெழுத்து வல்லெழுத்தாதலும், ஒற்று இரட்டித்தலும் ஆகிய இச்சிறு மாற்றங்களினாலே தன்வினையைப் பிறவினையாக்கும் ஆற்றலைத் திராவிட மொழிகளின் சிறப்பியல்புகளுள் ஒன்றாக 1856இல் வெளிவந்த தமது ஒப்பிலக்கணத்திலே கால்டுவெல் எடுத்துக் காட்டினார். பவணந்தியார் விதித்த வி, பி என்னும் விகுதிகளைச் சேர்த்துப் பிறவினையாக்கும் நெறி இதனின் வேறானது. அது வெளிப்படையாகத் தெரிவது. இதுவோ, சொல்லின் உள்ளேயே நிகழ்வது. காதிற் சற்றே தவறினும் பொருள் தலைகீழாகும்.

அவற்றுள்ளும் பெயர் என்னும் வினை தனிச் சிறப்புடையது. ஏனையவற்றுட் பெரும்பாலானவற்றில் வினைப்பகுதியே வேறுபடும். இதிலோ பகுதி ஒன்றே. பெயர்ந்தனர் என்றவிடத்து இடைநிற்கும் ந் என்னும் எழுத்தும், பெயர்த்தனர் என்றவிடத்து இடைநிற்கும் த் என்னும் எழுத்துமே செய்தவன் யார் என்பதை நமக்குச் சொல்லுவன. பெயர்வு, பெயர்ச்சி என்பன தன்வினையின் வழிவந்த தொழிற்பெயர்கள்; பெயர்ப்பு என்பது பிறவினையின் வழிவந்தது. சனி தானே பெயர்கின்றமையின் சனிப்பெயர்ச்சி என்கிறோம். நூல் தானே ஒரு மொழியிலிருந்து மற்றொரு மொழிக்குச் செல்லாமையின் மொழிபெயர்ப்பு என்கிறோம். சோதிடரும் மொழிபெயர்ப்பாளரும் தவறாது காத்துவரும் இவ்வேறுபாட்டை, மனிதரைப்பற்றிப் பேசும்போது மாத்திரம் நாம் காவாது விட்டதேன் என்பதே இக்கட்டுரையின் வினா.

பெயர்த்தலுக்குச் செயப்படுபொருளாக எவை வருகின்றன என்று நோக்குக. கல்லைப் பெயர்த்தான், மரத்தை வேரோடு பெயர்த்தான், சுவரைப் பெயர்த்தான் என்கிறோம். கயிலைமலையைப் பெயர்க்க முயன்ற இராவணனைச் சம்பந்தர் தம் பதிகந்தோறும் எட்டாம் பாட்டில் நினைப்பூட்டுவதைத் தேவாரம் ஓதும் நம் மாணாக்கர் நன்கறிவர். இவையெல்லாம் அஃறிணைப் பொருள்கள். பெயராதவற்றைப் பெயர்த்தலே பெயர்த்தல் எனின், நிலத்திலே ஊன்றி நின்றதொன்றை வலிந்து எடுத்தல் என்பது இச்சொல்லின் உட்கருத்தாகும். ஊரிலே வேரூன்றிய மக்களை வலிந்து எடுப்பதற்கு இதனினும் பொருத்தமான வினை வேறில்லை. ஆயினும் மக்களைப் பெயர்த்தனர் என்னும் தொடரை நாம் காண்பது மிக அரிது; மக்கள் பெயர்ந்தனர் என்பதே எங்கும் காண்பது.

பழைய வழக்கிலே இவ்வினை இருந்த நிலையை முதலிற் பார்ப்போம். காவிரிப்பூம்பட்டினத்திலே வேற்றுநாட்டு வணிகர் தம்முட் கலந்து வாழ்ந்தமையைக் கூறுமிடத்துப் பட்டினப்பாலை அவர்களைப் புலம்பெயர்ந்த மாக்களாகச் சொல்லுகிறது. பொருளீட்டக் கருதித் தாமே வந்தவர்கள் அவர்கள். எனவே தன்வினை அங்கே முற்றும் பொருந்தும். அகப்பாட்டிலே தலைவன் கடந்து செல்லும் வேற்றுமொழி நாட்டை மொழிபெயர் தேயம் என்பர். அங்கே மொழி தானே வேறுபடுகிறது. தொல்காப்பிய மரபியலிலே வழிநூலின் வகைகளுள் ஒன்றாக மொழிபெயர்த்தல் கூறப்படுமிடத்தில் அது பிறவினை. ஆசிரியன் ஒருவன் முயன்று செய்வது. மொழி பெயர்தலும் மொழி பெயர்த்தலும் வேறுவேறு என்பதிலே பழையவர்களுக்கு மயக்கம் இருந்ததில்லை.

இலக்கியத்தினும் தெளிவான சான்றைச் சோழர்காலக் கல்வெட்டுகள் தருகின்றன. கோயிலுக்கோ பிராமணருக்கோ நிலம் வழங்கப்பட்டபோது, அந்நிலத்தில் ஏற்கெனவே இருந்த குடிகளின் கதி யாது என்பது எழுதப்பட வேண்டியிருந்தது. இருந்த குடிகள் இருந்தவாறே இருக்க நிலத்தின் வருவாய் மாத்திரம் கோயிலைச் சேர்ந்ததாயின் அது குடிநீங்காத் தேவதானம். குடிகளை அகற்றிவிட்டு நிலத்தைக் கொடுத்ததாயின் குடிநீக்கி என்று கல்லிலே பொறித்தனர். குடி என்றது உழுகுடியையோ காணியுடைய குடியையோ என்பது பற்றி வரலாற்றறிஞர் பல கூறுவர்; அது ஈண்டு வேண்டுவதன்று. நாம் நோக்கவேண்டியது வினையை. குடி நீங்காதது என்னுமிடத்துத் தன்வினை. குடியை அகற்றியது என்னுமிடத்துப் பிறவினை. அகற்றப்பட்ட குடியைக் குடி நீங்கி என்று எழுத எழுத்தொன்றை மாற்றினாற் போதும். அவ்வாறு எழுதியிருந்தால், அரசனுக்கும் கோயிலுக்கும் ஒரு பழியுமின்றிக் குடிகள் தாமே போய்விட்டனர் என்று பிற்காலத்தார் எண்ணியிருப்பர். ஆனால் எழுதியவன் அரசனின் ஆணையை எழுதுகிறவன். அகற்றுவது அரசனின் உரிமை என்று நம்பியவன். ஆதலின் மறைக்கவேண்டிய தேவை அவனுக்கில்லை. தன் செயலை அறமெனக் கருதுகிறவனும் பிறவினையிலே பேசுவான் போலும். தன்வினையிலே ஒளிந்து கொள்ளுதல் நாணமுடைய காலத்தின் வழக்கம்.

இனி நம் நாட்டு வழக்கிற்கு வருவோம். இங்கே முதலிற் கருதத்தக்கது குடியேற்றம் என்னும் பெயர்ச்சொல். 1935ஆம் ஆண்டு நிலவிருத்திக் கட்டளைச் சட்டத்தின் வழி உலர்வலயத்திலே தொடங்கிய திட்டங்களும், 1949இல் அமைந்த கல்லோயா அபிவிருத்திச் சபையின் பெருந்திட்டமும் தமிழிலே குடியேற்றத் திட்டங்கள் எனப் பெயர் பெற்றன. இச்சொல் குடியேறுதலினின்று வந்ததோ, குடியேற்றுதலினின்று வந்ததோ? வடிவைக்கொண்டு கூறல் இயலாது. சீறு என்பது சீற்றம் என்றும், தடுமாறு என்பது தடுமாற்றம் என்றும் ஆகின்றன. சீற்றுதல், தடுமாற்றுதல் என்னும் பிறவினைகள் அவற்றின் மூலமல்ல. அம் விகுதி சேருமிடத்துத் தன்வினைப் பகுதியின் றகரமும் இரட்டும் என்பது இதனால் விளங்கும். எனவே ஏறுதலுக்கும் ஏற்றம், ஏற்றுதலுக்கும் ஏற்றம். மாறுதலுக்கும் மாற்றம், மாற்றுதலுக்கும் மாற்றம். வினையிலே தெளிவாக நின்ற வேறுபாடு பெயரிலே அழிந்து போகிறது. (ஆசிரியர்களாகிய நமக்கு இது நன்கு பழகிய செய்தி. இடமாற்றம் என்னும் ஒரே சொல் தானே கேட்டுப் பெற்றதையும் குறிக்கிறது. கேளாமலே வந்ததையும் குறிக்கிறது. கடிதத்தைத் திறக்கிறவன் முகத்தைப் பார்த்தே எது என்று அறியவேண்டும்.)

குடியேற்றம் என்னும் சொல்லுக்குத் தமிழர் நடுவே நேர்ந்த இருவேறு கதிகளும் இம்மயக்கத்தினாலே விளைந்தவை. கிளிநொச்சியிலும், பின்னர் விசுவமடு, முத்தையன்கட்டு முதலிய இடங்களிலே படித்த வாலிபர் திட்டங்களிலும் யாழ்ப்பாணத்தார் காடு வெட்டிக் கமஞ்செய்யச் சென்றபோது அச்சொல் முயற்சியையும் நம்பிக்கையையும் குறித்தது. அங்கே கேட்டது ஏறுதல். கிழக்கிலே அதே சொல் அச்சத்தைக் குறித்தது. மாவட்டத்தின் குடித்தொகை விகிதத்தை மாற்றும் வண்ணம் அரசு வெளியிலிருந்து ஆட்களைக் கொண்டுவருகிறது என்பது அங்கே முறையீடு. அங்கே கேட்டது ஏற்றுதல். 1957ஆம் ஆண்டு பண்டாரநாயக்க–செல்வநாயகம் ஒப்பந்தத்திலும், 1965ஆம் ஆண்டு டட்லி–செல்வநாயகம் ஒப்பந்தத்திலும் குடியேற்றம் பற்றித் தனியே விதிகள் இடம்பெற்றமைக்குக் காரணம் இதுவே. இரண்டிலும் எழுந்த வினா, காணி பெறுவோரைத் தெரிந்தெடுப்பவர் யார், முன்னுரிமை யாருக்கு என்பது. இலக்கணத்தின் மொழியிற் சொன்னால், ஏற்றுதல் என்னும் வினைக்கு எழுவாய் யார் என்பதே அவ்விரு ஒப்பந்தங்களின் வினாவாயிற்று. ஒன்று கூறவேண்டும். கொலனிகளிலே காணி பெற்று வந்த ஏழைச் சிங்களக் கமக்காரனும் அவ்வினைக்கு எழுவாய் அல்லன், அவனும் செயப்படுபொருளே. குடியேற்றவாசி என்னும் நம் சொல் அவனை எழுவாயாக்கி, ஏற்றியவனுக்குரிய பழியையும் அவன் தலையிலே சுமத்திவிடுகிறது. 1956ஆம் ஆண்டு கல்லோயாவிலே நடந்த கொலைகளையும் அடிதடிகளையும் இது கொண்டு மன்னிப்பதற்கில்லை. சொல்லைச் சரியாக வழங்கவேண்டும் என்பதே நம் கருத்து.

இவ்வாறே வெளியேற்றம் என்பதும் இருபொருட்பட நிற்பது. வெளியேறினாலும் வெளியேற்றம், வெளியேற்றினாலும் வெளியேற்றம். இச்சொல்லோடு பலவந்த என்றோ கட்டாய என்றோ ஓர் அடைமொழியைச் சேர்த்து எழுதுவது வழக்கமாயிருப்பதன் காரணமும் இதுதான். பெயர்ச்சொல் தன்னளவிலே தாங்கமாட்டாத பொருளை அடைமொழியின் தோளிலே ஏற்றுகிறோம்.

இப்போது இடம்பெயர்தலுக்கு வருவோம். 1983ஆம் ஆண்டு யூலைக்குப் பின்னர்த் தமிழரின் நாளாந்தப் பேச்சிலும் எழுத்திலும் இச்சொல்லினும் மிகுதியாக வழங்கிய வினை வேறு உண்டோ என்பது ஐயம். புலம்பெயர்ந்தோர் என்பது கடல் கடந்தவர்க்கும், இடம்பெயர்ந்தோர் என்பது நாட்டினுள்ளே அலைந்தவர்க்கும் பெயராயின. முன்னதிற் குறை காண்பதற்கில்லை. பட்டினப்பாலையின் வழக்கே அது. பின்னது ஆங்கிலத்திலுள்ள ஒரு சொல்லுக்குத் தமிழாக அமைந்தது. அந்த ஆங்கிலச் சொல்லோ செயப்பாட்டு வினையிலிருந்து வந்தது: பெயர்க்கப்பட்டோர் என்பதே அதன் நேர்ப்பொருள். 1998இல் ஐக்கிய நாடுகள் சபையின் வழி வெளிவந்த வழிகாட்டு நெறிகளும், தம் வீடுகளை விட்டு ஓடவோ நீங்கவோ நிர்ப்பந்திக்கப்பட்டவர்கள் என்றே அவர்களை வரையறை செய்கின்றன. மூலத்தில் இருந்த நிர்ப்பந்தம் தமிழாகும்போது கழன்றுவிட்டது. பெயர்ப்பு என்னும் சொல்லைப் பெயராக உடைய மொழிபெயர்ப்பாளரே பெயர்ப்பைக் கைவிட்டது விந்தை.

தொல்காப்பியர் வினையியலிலே ஒரு வழக்கைக் கூறுவார்: செயப்படுபொருளை, அதுவே செய்ததுபோலச் சொல்லுதல் உலகவழக்கில் உண்டு என்பது அதன் கருத்து. உரையாசிரியர்கள் இதற்குக் காட்டும் எடுத்துக்காட்டு, திண்ணை மெழுகிற்று என்பது. திண்ணை தன்னை மெழுகிக்கொள்வதில்லை. வீட்டுப்பெண் ஒருத்தி சாணகங் கரைத்து, முழந்தாளிட்டு, கைநோக மெழுகினாள். ஆனால் மெழுகி முடிந்த திண்ணையைக் காண்கிறவனுக்கு மெழுகியவளின் நினைவு வேண்டுவதில்லையாகையால் அவளைச் சொல்லாமலே விட்டு, மெழுகிற்று என்கிறான். இடம்பெயர்ந்தனர் என்னும் நம் வழக்கு இத்தகையதே. திண்ணைக்கு ஆவது மனிதருக்கு ஆகுமா? திண்ணை மெழுகிற்று என்பதிலே கேட்பவன் மயங்கமாட்டான். திண்ணைக்குக் கையில்லை என்பதை அவன் அறிவான். மக்களுக்கோ காலுண்டு. இடம்பெயர்ந்தனர் என்றவிடத்துத் தாமே சென்றனர் என்று கேட்பவன் கொள்ளுவது இயல்பு. எனவே தொல்காப்பியர் அமைத்த வழுவமைதி இவ்விடத்துக்கு உதவாது.

இதனை ஓர் எடுத்துக்காட்டிலே வைத்து ஆராய்வோம். வகுப்பறைகளிலே எழுதப்படும் வரலாற்று விடைகளில் இவ்வாக்கியத்தை நான் பலமுறை கண்டிருக்கிறேன்: ‘1990ஆம் ஆண்டு வடபகுதி முஸ்லிம்கள் புத்தளத்துக்கு இடம்பெயர்ந்தனர்.’ எழுத்துப்பிழை இல்லை, சந்திப்பிழை இல்லை, ஆண்டும் சரி, இடமும் சரி. இவ்வாறு எழுதிய பிள்ளை பொய் கூற எண்ணவில்லை. வீட்டிலும் பத்திரிகையிலும் கேட்டதை எழுதியது. ஆனால் நடந்தது யாது? 1990 ஒக்டோபரிலே தமிழீழ விடுதலைப் புலிகள் வடமாகாணத்து முஸ்லிம்களை வெளியேறும்படி கட்டளையிட்டனர். யாழ்ப்பாண நகரத்து முஸ்லிம்களுக்கு அவ்வாண்டு ஒக்டோபர் 30ஆந் தேதி இரண்டு மணி நேரமே தவணை கொடுக்கப்பட்டது. கையிற் கொண்டுபோகக் கூடியதற்கும் வரம்பு விதிக்கப்பட்டது. தலைமுறை தலைமுறையாக நம்மோடு ஒரே மொழி பேசி, ஒரே கடைத்தெருவிலே வாணிகஞ் செய்து வாழ்ந்தவர்கள், ஐந்து மாவட்டங்களிலும் ஏறத்தாழ 75,000 பேர், இவ்வாறு அகற்றப்பட்டனர். குடிநீக்கி என்று கல்வெட்டிலே எழுதியவன் இதனைக் கண்டிருந்தால் எந்த வினையை எழுதியிருப்பான் என்பதிலே ஐயமில்லை.

ஒரு தொழில் நிகழ்வதற்கு வேண்டுவன எட்டு என்று தொல்காப்பியர் தொகுத்துக் கூறுவார்: வினை, செய்பவன், செயப்படுபொருள், நிலம், காலம், கருவி, இன்னதற்கு, இது பயன் என்பன. மேற்காட்டிய வாக்கியத்தை இவ்வெட்டினோடு ஒப்பிட்டுப் பார்க்க. நிலம் உண்டு, காலம் உண்டு. செயப்படுபொருளாக நிற்கவேண்டியவர்கள் செய்பவர்களாக நிற்கிறார்கள். செய்பவர் காணப்படவில்லை. துப்பாக்கியாகிய கருவியும் இல்லை. எட்டிலே சில குறைந்து வருதலும் வழக்கில் உண்டு என்று தொல்காப்பியரே அடுத்துக் கூறுவார். உண்மைதான். குறைதல் வேறு, ஒருவன் இருக்கையிலே மற்றொருவனை இருத்துதல் வேறு. இங்கே நடந்திருப்பது பின்னையது.

இவ்விடத்திலே யாழ்ப்பாணத்துப் பேச்சு வழக்கை நினையாதிருக்க முடியவில்லை. இலக்கணம் படியாத கிழவி ஒருத்தி இதே செய்தியைச் சொல்லும்போது ‘சோனக ஆக்களை எழுப்பிப் போட்டாங்கள்’ என்றோ, ‘கலைச்சுப் போட்டாங்கள்’ என்றோதான் சொல்லுவாள். எழுப்புதலும் கலைத்தலும் பிறவினை. குடியிருப்பவனைக் காணிக்காரன் குடியெழுப்புவதும், வளவுக்குள் வந்த மாட்டைக் கலைப்பதும் நாம் நாள்தோறும் கேட்பவை. அவளுடைய வாக்கியத்திலே எழுவாய் வெளிப்படையாக இல்லை. அச்சத்தினாலோ பழக்கத்தினாலோ அவள் பெயர் சொல்லவில்லை. ஆனால் வினைமுற்றின் விகுதியிலே எழுவாய் இருக்கிறது. போட்டாங்கள் என்ற மாத்திரத்தில், யார் என்று கேட்கும் உரிமை கேட்பவனுக்குக் கிடைத்துவிடுகிறது. இதனைத் தோன்றா எழுவாய் என்பது இலக்கணம். தோன்றாத எழுவாயைத் தேடிக் காணலாம். இடம்பெயர்ந்தனர் என்றவிடத்திலோ எழுவாய் தோன்றியே நிற்கிறது. தவறான எழுவாய் நிற்கிறது. எனவே தேடுவாரும் இல்லை. நம் எழுத்துத் தமிழ் பேச்சுத் தமிழினும் செம்மையானது என்று மாணவருக்குக் கற்பிக்கிற நாம், இவ்வொரு வினையிலாவது கிழவியிடம் பாடங் கேட்கலாம்.

அவ்வாறாயின் இடம்பெயர்ந்தோர் என்னும் சொல்லை எங்கும் நீக்கி இடம்பெயர்க்கப்பட்டோர் என்று எழுதிவிடலாமா எனின், அதற்கும் நான் உடன்படேன். தடை இரண்டு. முதலாவது, படு என்னும் துணைவினையால் ஆகும் செயப்பாட்டு வாக்கியம் செய்பவனைச் சொல்லவேண்டும் என்று கட்டாயப்படுத்துவதில்லை. முஸ்லிம்கள் வெளியேற்றப்பட்டனர் என்பதிலே அவர்கள் தாமாகச் செல்லவில்லை என்பது விளங்கும். அகற்றியவர் யார் என்பது விளங்காது. அரைவாசி உண்மை அது. மூன்றாம் வேற்றுமை உருபாகிய ஆல் அங்கே வந்து நின்றாலன்றி வாக்கியம் நிறைவுறாது. செய்வினையிலே, இன்னார் இவர்களை வெளியேற்றினர் என்று எழுதுவதே நேரிது.

இரண்டாவது தடை இன்னும் நுண்ணியது. நீங்கியவர் எல்லோரும் கல்லும் மரமும் போலப் பெயர்க்கப்பட்டவர்கள் அல்லர். 1995ஆம் ஆண்டு ஒக்டோபர் 30ஆந் தேதி இரவை எண்ணுக. (1990ஆம் ஆண்டு முஸ்லிம்கள் நகரை விட்டகன்ற அதே நாள்.) சூரியக்கதிர் என்னும் இராணுவ நடவடிக்கையினால் படை வலிகாமத்தை நெருங்கிக்கொண்டிருந்தது. தென்மராட்சிக்கும் வடமராட்சிக்கும் செல்லுங்கள் என்று ஒலிபெருக்கியிலே புலிகளின் அறிவித்தல் கேட்டது. மழையிலே, இருளிலே, செம்மணி வெளியையும் நாவற்குழிப் பாலத்தையும் கடந்து இலட்சக்கணக்கான மக்கள் ஓரிரவிலே சென்றனர். அவர்கள் பெயர்ந்தனரா, பெயர்க்கப்பட்டனரா? ஷெல்லுக்கு அஞ்சியவன் இருந்தான். கட்டளைக்கு அஞ்சியவன் இருந்தான். எல்லோரும் போகிறார்களே என்று போனவன் இருந்தான். போவதில்லை என்று கதவைச் சாத்திக்கொண்டு இருந்துவிட்ட முதியோரும் சிலர் இருந்தனர். எதை எடுப்பது, எதை விடுவது, நடக்கமாட்டாத தாயைச் சைக்கிளில் எப்படி ஏற்றுவது, மாட்டை அவிழ்த்துவிடுவதா என்று ஒவ்வொரு வீட்டிலும் ஒருவர் முடிவு செய்தார். பெயர்க்கப்பட்டோர் என்று மாத்திரம் எழுதினால் அம்முடிவுகளையெல்லாம் அழித்து, அவர்களையும் அஃறிணை ஆக்கிவிடுகிறோம். வலிகாம இடப்பெயர்வு என்று மக்கள் அதற்கு இட்ட பெயரிலே பெயர்வு என்னும் தன்வினை நிற்பது ஒருவகையிலே அவர்களுடைய மானத்தைக் காக்கிறது என்றுகூடச் சொல்லலாம். ஆனால் அப்பெயர்வுக்கு முன்னே பெயர்த்தல் ஒன்று இருந்தது என்பதையும், அதற்கு எழுவாய் ஒன்றல்ல என்பதையும் வரலாறு எழுதுவோன் தனி வாக்கியத்திலே எழுதவேண்டும். ஒரு சொல்லிலே அடக்க முயல்வதுதான் பிழை.

ஆகவே நான் வேண்டுவது சொல்மாற்றம் அன்று. 1990ஐயும் 1995ஐயும் ஒரே வினையாற் கூறும் வழக்கத்தையே மறுக்கிறேன். பின்னதிலே நாம் சென்றோம். முன்னதிலே நம்மிடையே இருந்தவர்கள் அகற்றப்பட்டார்கள். இரண்டுக்கும் இடப்பெயர்வு என்றே பெயரிட்டால், நமக்கு நேர்ந்த துன்பத்தின் நிழலிலே நம்மவர் பெயரால் பிறருக்குச் செய்யப்பட்ட துன்பம் மறைந்துவிடுகிறது. புத்தளத்திலே அவர்களுக்கு வழங்கிய பெயர் அகதி என்பது. கதி இல்லாதவர் என்பது அவ்வடசொல்லின் பொருள். எவர் செயலாற் கதியிழந்தனர் என்பதை அச்சொல்லும் சொல்லாது.

மலையகத்தார் வரலாற்றிலே இதே மயக்கத்தை வேறொரு வினை உண்டாக்கியது. 1964 ஒக்டோபர் 30ஆந் தேதி கைச்சாத்தான சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம், இந்திய வம்சாவளியினர் 9,75,000 பேரைக் கணக்கிலெடுத்து, 5,25,000 பேரை இந்தியாவும் 3,00,000 பேரை இலங்கையும் ஏற்பதென்றும், மிகுந்த 1,50,000 பேரைப் பின்னர்ப் பார்ப்பதென்றும் வகுத்தது. 1974இல் அம்மிகுதியும் இரு நாடுகளுக்கும் சரிபாதியாயிற்று. பொருட்களைப் பங்கிடுவதுபோலப் பங்கிட்ட இவ்வொப்பந்தத்தின் வழி அனுப்பப்பட்டவர்களுக்குத் தமிழ்நாட்டிலே வழங்கிய பெயர், தாயகம் திரும்பியோர் என்பது. 1969இல் அவர்களுக்கும் பர்மாவிலிருந்து வந்தவர்களுக்குமாகச் சென்னையிலே தொடங்கிய ரெப்கோ வங்கியின் பெயரும் அக்கருத்துடைய ஆங்கிலச் சொல்லிலிருந்து சுருங்கியதே.

திரும்புதல் என்னும் வினைக்கு ஒரு நிபந்தனை உண்டு: முன்னர் அங்கிருந்து புறப்பட்டவன்தான் அங்கே திரும்ப முடியும். கப்பலேறியவர்களுட் பெரும்பாலோர் இந்நாட்டின் தேயிலைத் தோட்டங்களிலே பிறந்தவர்கள். பாட்டன் புறப்பட்ட ஊருக்குப் பேரன் எங்ஙனம் திரும்புவான்? தாயகம் என்னும் பெயரும், திரும்பு என்னும் வினையும் சேர்ந்து இரட்டைப் பொய்யாயின. திருப்பி அனுப்பப்பட்டோர் என்றாலும் திருப்பி என்பது இடிக்கும். நாடு கடத்தப்பட்டோர் என்பது கடுமையாகத் தோன்றினும் உண்மைக்கு அண்மையது. கடந்தனர், கடத்தினர் என்னும் இணையிலே இதுவும் பிறவினை. கூடலூர், கோத்தகிரிப் பக்கங்களிலே மீண்டும் தேயிலை பறிக்கச் சென்ற அவர்களை அயலார் ‘சிலோன்காரர்’ என்று அழைத்தனர். தாயகம் எதுவென்பதை அரசின் ஏட்டினும் அயலாரின் வாய் சரியாக அறிந்திருந்தது.

இறுதியாக மீள்குடியேற்றம். 2009இல் யுத்தம் முடிந்தபின் இச்சொல் அரச ஏடுகளிலும் தொண்டு நிறுவனங்களின் அறிக்கைகளிலும் பெருகியது. ஏற்றம் என்பதிலுள்ள மயக்கத்தை மேலே கண்டோம். அதனோடு மீள் என்னும் தன்வினைப் பகுதியும் இங்கே சேர்கிறது. மீள்தல் என்பது சென்றவிடத்தினின்று பழைய இடத்துக்கே வருதல். எனவே பழைய வளவிலே, பழைய கிணற்றடியிலே மறுபடியும் குடியிருத்தலே இச்சொல்லின் பொருளாக வேண்டும். செட்டிகுளத்து மெனிக் பாம் முகாம் 2012 செப்டெம்பரிலே மூடப்பட்டபோது, அங்கே எஞ்சியிருந்தவர்களுட் கேப்பாப்புலவு மக்கள் தம் ஊருக்குக் கொண்டுசெல்லப்படவில்லை. அவர்களது ஊர் படையினர் வசமிருந்தமையால், அயலிலே சீனியாமோட்டையில் வெட்டிய காட்டிலே இறக்கப்பட்டனர். முகாம் மூடப்பட்டது, மீள்குடியேற்றம் நிறைவுற்றது என்று அறிவிக்கப்பட்டது. அம்மக்களைக் குடியேற்றினர் என்பது உண்மை; அவர்கள் மீண்டனர் என்பது உண்மையன்று. 2017ஆம் ஆண்டு தம் பழைய ஊரின் வாயிலிலே கொட்டகை போட்டு அவர்கள் இரவு பகலாக அமர்ந்திருந்து கேட்டது, ஏடுகளின்படி அவர்களுக்கு ஐந்து ஆண்டுகளுக்கு முன்னரே கொடுத்து முடிந்திருந்த ஒன்றை.